ஓய்வுக்காலத்துக்கு எந்த நாடு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் ஒரு வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் 22 வருடம் வேலை பார்த்தேன். என் அக்காவும் மாமாவும் 2013இல் மலேசியாவின் பினாங்கில் குடியேறினார்கள். மாமா கப்பல் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்களுடைய காகித வேலைகளில் பாதி என் கையால்தான் நடந்தது. அதைத் தெரிந்துகொண்டு நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும் கேட்ட கேள்விகளை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன். இந்திய பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு, இங்கேயே சம்பாதித்து ஓய்வு பெற்ற கணவன் மனைவியை மனதில் வைத்து எழுதியது. தொகைகளும் விதிகளும் அடிக்கடி மாறும். விண்ணப்பிக்கிற அன்று அந்த நாட்டுக் குடிவரவுத் துறையின் இணையதளத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

எங்கிருந்து யோசிக்கத் தொடங்குவது? எந்த நாட்டில் செலவு குறைவு என்பதிலிருந்தா?

செலவைப் பிறகு பார்க்கலாம். உங்கள் இருவரில் ஒருவர் தனியாகப் போகிற வருடத்தை முதலில் நினைத்துப் பாருங்கள். இரண்டு பேரும் நடமாட்டத்தோடு இருக்கும்வரை கடற்கரை உள்ள எந்த ஊரும் நல்ல ஊர்தான்.

2018இல் ஒரு நாள் இரவு, பினாங்கு வீட்டுக் குளியலறையில் மாமா விழுந்துவிட்டார். ஒரு பக்கம் வாய் கோணிவிட்டது. பக்கவாதம். அக்கா போனை எடுத்து 108 அழுத்தியிருக்கிறாள். மலேசியாவில் அவசர எண் 999. ஐந்து வருடம் அந்த ஊரில் இருந்தும் அது அவளுக்குத் தெரியாது, அதுவரை தேவைப்படவில்லை. 108 போகவில்லை என்றதும் எனக்குப் போன் செய்தாள். இங்கே மணி பதினொன்றரை, அங்கே இரண்டு. நான் இங்கிருந்து என்ன செய்ய முடியும்? எதிர்வீட்டுச் சீனப் பாட்டியின் கதவைத் தட்டச் சொன்னேன். ஆம்புலன்ஸை அழைத்தது அந்தப் பாட்டிதான். அக்காவுக்கு மார்க்கெட்டில் விலை கேட்கிற அளவுக்கு மலாய் தெரியும். "இவருக்கு ஒரு கை அசையவில்லை" என்று சொல்லத் தெரியாது.

மாமா பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து இறந்துபோனார். பினாங்கில் மருத்துவம் நல்ல தரம், வைத்தியத்தில் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இரவில் அக்கா எவ்வளவு தனியாக இருந்தாள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு கலங்குகிறது. அதனால்தான் யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதுதான்: உங்கள் மனைவி அந்த ஊரில் தனியாக ஆம்புலன்ஸ் அழைப்பாரா, வங்கிக்குப் போவாரா, வீட்டுக்காரரிடம் பேசுவாரா? உங்கள் கணவர் தனியாகச் சமைத்துச் சாப்பிடுவாரா? ஆம் என்று சொல்ல முடிகிற நாடுகளை மட்டும் பட்டியலில் வையுங்கள்.

மலேசியா நமக்கு எப்படி?

நம் ஆட்கள் முதலில் கேட்பது இந்த நாட்டைத்தான். காரணமும் இருக்கிறது. அங்கே இந்திய வம்சாவளியினர் சுமார் 20 லட்சம் பேர், பெரும்பாலோர் தமிழர். 500க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள், தமிழ் நாளிதழ்கள், அரசு வானொலியில் மின்னல் எஃப்எம். பினாங்கின் ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் முருங்கைக்கீரை முதல் பூஜைச் சாமான்வரை கிடைக்கும். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 500க்கும் மேற்பட்ட படிகள். மாமா வெள்ளிக்கிழமை தவறாமல் ஏறுவார்.

"மலேசியா மை செகண்ட் ஹோம்" என்கிற நீண்டகால விசா 2002இலிருந்து இருக்கிறது. அக்கா போனபோது 50 வயது தாண்டியவர்களுக்கு 1,50,000 ரிங்கிட் வைப்புத்தொகை, மாதம் 10,000 ரிங்கிட் வெளிநாட்டு வருமானம், பத்து வருட விசா. 2021 ஆகஸ்டில் ஒரே அறிவிப்பில் மாத வருமானத்தை 40,000 ரிங்கிட்டாகவும் வைப்புத்தொகையை 10 லட்சம் ரிங்கிட்டாகவும் உயர்த்தினார்கள். ஏற்கெனவே குடியிருப்பவர்களுக்கும் இது பொருந்தும் என்று முதலில் சொன்னபோது அங்கே பலருக்குத் தூக்கமே போய்விட்டது. பெரிய எதிர்ப்புக்குப் பிறகுதான் பழையவர்களை விட்டார்கள்.

2024இல் மறுபடி மாறியது. இப்போது வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று மூன்று படி. வெள்ளிக்கு 1,50,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகை, அதோடு குறைந்தது 6 லட்சம் ரிங்கிட்டில் வீடு வாங்கியாக வேண்டும், விசா ஐந்து வருடம். தங்கத்துக்கு 5 லட்சம் டாலர், 15 வருடம். பிளாட்டினத்துக்கு 10 லட்சம் டாலர், 20 வருடம். மாத வருமான நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். ஆனால் வாங்கிய வீட்டைப் பத்து வருடத்துக்கு விற்க முடியாது. இன்னும் விலை கூடிய வீட்டுக்கு மாறலாம், அவ்வளவுதான். வெளிநாட்டினர் வாங்கும் வீட்டுக்கு ஒவ்வொரு மாநிலமும் தனியாக ஒரு குறைந்தபட்ச விலையும் வைத்திருக்கிறது.

வெள்ளிப் படிக்கே நம் பணத்தில் வைப்புத்தொகை ஒன்றேகால் கோடிக்கு மேல், வீடு அதே அளவு. 65 வயதுக்காரர் பத்து வருடம் விற்க முடியாத வீட்டில் சேமிப்பின் பெரும்பகுதியைப் போடுவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். சொத்து நிறைய உள்ளவர்கள் போகலாம். அக்கா போன காலத்து மலேசியாவை நினைத்துக்கொண்டு யாரும் கிளம்ப வேண்டாம்.

ஜொகூர் மாநிலத்தில் ஃபாரஸ்ட் சிட்டி என்கிற புதிய நகரப் பகுதிக்கு மட்டும் 50 வயது தாண்டியவர்களுக்கு 32,000 டாலர் வைப்புத்தொகை என்று ஒரு தனிப் பிரிவு உண்டு. அங்கேயும் வீடு வாங்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன் அங்கே பத்து நாள் தங்கி, ராத்திரி எட்டு மணிக்கு மருந்துக்கடை தேடி நடந்து பாருங்கள்.

தாய்லாந்து மலிவு என்கிறார்களே?

நடுத்தர வருமானக்காரர்களுக்குக் கைக்கு எட்டுகிற நாடு என்றால் இதுதான். 50 வயது ஆகியிருக்க வேண்டும். தாய்லாந்து வங்கியில் 8 லட்சம் பாட் இருக்க வேண்டும், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம், அல்லது இரண்டும் சேர்ந்து வருடத்துக்கு 8 லட்சம். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அந்த 8 லட்சம் விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே கணக்கில் இருக்க வேண்டும், கிடைத்த பிறகும் மூன்று மாதம் தொடக்கூடாது, மற்ற மாதங்களில் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. ஆக, அது செலவுக்கான பணமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

90 நாளுக்கு ஒரு முறை நீங்கள் எந்த முகவரியில் இருக்கிறீர்கள் என்று குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். பேத்தி கல்யாணத்துக்கு ஊருக்கு வருகிறீர்கள் என்றால் கிளம்பும் முன் மறுநுழைவு அனுமதி வாங்கியாக வேண்டும். வாங்காமல் விமானம் ஏறினால் விசா அங்கேயே முடிந்தது, மறுபடி முதலிலிருந்து. இதில் மாட்டிக்கொண்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும். இருவருமே துக்கச் செய்தி கேட்டு அவசரமாக ஓடி வந்தவர்கள்.

நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்கலாம். ஒரு கட்டடத்தின் மொத்தப் பரப்பில் 49 சதவீதம்வரைதான் வெளிநாட்டினருக்கு. பாங்காக் ஆஸ்பத்திரிகளில் ஆங்கிலம் செல்லும், சிலோம் சாலையில் நம்மவர்கள் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. சிறிய ஊர்களில் தாய் மொழி இல்லாமல் ஒன்றும் நடக்காது. சியாங் மாய் அழகான ஊர்தான், ஆனால் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல்வரை வயலையும் காட்டையும் எரிக்கிற புகை ஊரையே மூடும். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த ஊரை டிசம்பரில் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள்.

இன்னொன்று: 2024 ஜனவரியிலிருந்து, வருடத்தில் 180 நாள் அங்கே இருப்பவர்கள் வெளிநாட்டு வருமானத்தை உள்ளே கொண்டுவந்தால் அதற்கு வரி உண்டு. இந்தியாவோடு இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. இருந்தாலும் கணக்கு காட்டத் தயாராக இருக்க வேண்டும்.

இலங்கை பக்கத்திலேயே இருக்கிறதே, மொழிக் கவலையும் இல்லையே?

55 வயது தாண்டியவர்களுக்கு "மை டிரீம் ஹோம்" என்று ஒரு விசா உண்டு. 15,000 டாலர் வைப்புத்தொகை, மாதம் 1,500 டாலர் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், கூட வருகிற ஒவ்வொருவருக்கும் 750 டாலர். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கலாம். இருவருக்கும் சேர்த்து மாதம் 2,250 டாலர் என்பது நம் ஓய்வூதியத்துக்குப் பெரிய தொகை. 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளிநாட்டினர் நிலம் வாங்க முடியாது. நான்காவது மாடியிலோ அதற்கு மேலோ உள்ள குடியிருப்புகளை வாங்கலாம், நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கலாம்.

தமிழ் பேசிக்கொண்டே வாழலாம், சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் கொழும்பு. மனசுக்கு மிக நெருக்கமான தேர்வு இதுதான். என்னைத் தயங்க வைப்பது 2022. அந்த வருடம் ஒரு டாலர் 200 இலங்கை ரூபாயிலிருந்து 360 ரூபாய்வரை போனது, பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசை, ஆஸ்பத்திரிகளில் மருந்துத் தட்டுப்பாடு. இப்போது நிலைமை எவ்வளவோ தேறிவிட்டது. ஆனாலும் தினம் இன்சுலின் போடுபவர், டயாலிசிஸில் இருப்பவர் அங்கே போவதற்கு முன் இரண்டு முறை யோசிக்கச் சொல்வேன்.

மொரீஷியஸில் ரூபாய் நோட்டில்கூடத் தமிழ் இருக்கிறதாமே?

இருக்கிறது. 1998இல் தமிழைக் கீழே தள்ளி அச்சிட்ட நோட்டுகளை, அங்குள்ள தமிழர்கள் எதிர்த்ததால் திரும்பப் பெற்று மறுபடி அச்சிட்டார்கள். தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை. ஆனால் வீட்டிலும் தெருவிலும் அவர்கள் பேசுவது கிரியோல். கோயிலில் தேவாரம் கேட்கும். பக்கத்தில் நிற்பவரிடம் தமிழில் பேசினால் சிரித்துவிட்டுப் போய்விடுவார். 50 வயது தாண்டியவர்களுக்குத் தனி வசிப்பு அனுமதி உண்டு, மாதா மாதம் டாலரில் பணம் வரவேண்டும். பிரெஞ்சோ கிரியோலோ கற்கத் தயாரானவர்களுக்கு நல்ல நாடு.

பிள்ளைகள் இருக்கிற நாட்டுக்கே போய்விட்டால்?

இது விசாவைப் பொறுத்த விஷயம் மட்டும் இல்லை, ஆனாலும் விசாவை மட்டும் சொல்கிறேன். பிரிட்டனில் ஓய்வு பெற்றவர்களுக்கென்று இருந்த பிரிவை 2008இலேயே மூடிவிட்டார்கள். பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் கனடா தருகிற சூப்பர் விசாவில் ஒரு தடவைக்கு ஐந்து வருடம்வரை தங்கலாம். குறைந்தது ஒரு லட்சம் கனடிய டாலருக்கு மருத்துவக் காப்பீடு எடுத்தாக வேண்டும், அங்குள்ள அரசு மருத்துவத் திட்டம் உங்களுக்கு இல்லை. அமெரிக்காவில் மகனோ மகளோ குடிமகனாக இருந்தால் கிரீன் கார்டு கிடைக்கும்; ஆனால் 65 வயதாகி, ஐந்து வருடம் தொடர்ந்து அங்கே வசித்த பிறகுதான் மெடிகேர் என்கிற அரசு முதியோர் மருத்துவக் காப்பீட்டில் பணம் கட்டிச் சேர முடியும். அந்த ஐந்து வருடக் காப்பீட்டுச் செலவு யார் தலையில் என்பதை மகனிடம் மட்டும் பேசாதீர்கள், மருமகளையும் உட்கார வைத்துப் பேசுங்கள்.

இங்கே எடுத்த மருத்துவக் காப்பீடு அங்கே செல்லுமா?

பெரும்பாலும் செல்லாது. நம் பாலிசிகள் இந்தியாவுக்குள் எடுக்கும் சிகிச்சைக்குத்தான். பயணக் காப்பீடு சுற்றுலாவுக்கானது. அங்கேயே வசிப்பவருக்கும், ஏற்கெனவே இருக்கிற சர்க்கரை, இதய நோய்க்கும் அது கைகொடுக்காது. அந்த நாட்டு நிறுவனங்களோ 70 வயதை நெருங்கியவர்களுக்குப் புதிதாகப் பாலிசி தரத் தயங்கும், தந்தாலும் பழைய நோய்களை விலக்கிவிடும். ஆகவே இங்குள்ள பாலிசியை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள், வருடா வருடம் புதுப்பியுங்கள். பெரிய அறுவை சிகிச்சை தள்ளிப்போடக் கூடியது என்றால் ஊருக்கு வந்து செய்துகொள்ளலாம். பக்கவாதமும் மாரடைப்பும் தள்ளிப்போடக் கூடியவை அல்ல. அதற்குத் தனியாக ஒரு தொகை, அந்த நாட்டு வங்கியிலேயே, உடனே எடுக்கிற மாதிரி இருக்கட்டும்.

மருந்துப் பெயர்களும் மாறும். அக்கா எல்லா மாத்திரை அட்டைகளிலிருந்தும் மூலப்பெயரை மட்டும் ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்திருந்தாள். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டு வாங்கியது அந்த நோட்டைத்தான்.

பணத்தை எப்படிக் கொண்டுபோவது?

இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர்வரை அனுப்பலாம். கணவன் மனைவி இருவருக்கும் தனித்தனி வரம்பு. வைப்புத்தொகை, வீடு போன்றவற்றுக்கு அனுப்பும்போது வருடத்தில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டிய தொகைக்கு 20 சதவீதத்தை வங்கி முன்வரியாகப் பிடிக்கும். இதைப் பலரும் கடைசி நேரத்தில்தான் கேள்விப்படுகிறார்கள். 1 கோடியே 30 லட்சம் அனுப்பினால் 24 லட்சம் கூடுதலாகக் கையில் இருக்க வேண்டும். வருமானவரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அது சரிக்கட்டப்படும், மீதி திரும்ப வரும். ஆனால் பல மாதம் முடங்கிக் கிடக்கும். இருவர் பெயரிலும் பிரித்து, மார்ச்சில் பாதி, ஏப்ரலில் பாதி அனுப்பினால் கொஞ்சம் குறையும்.

போன பிறகு இங்குள்ள கணக்குகள், வரி?

குடியேறப் போகிறீர்கள் என்றால் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக, அதாவது வெளிநாட்டில் வசிப்பவருக்கான ரூபாய்க் கணக்காக, மாற்ற வேண்டும். பலர் செய்வதில்லை. செய்துவிடுங்கள். அதிலிருந்து ஓய்வூதியம், வாடகை, வட்டியை வெளியே அனுப்பலாம். சொத்து விற்ற பணம் உட்பட வருடத்துக்கு 10 லட்சம் டாலர்வரை வழி உண்டு. பிபிஎஃப் (பொது சேமநல நிதி) கணக்கை முதிர்வுவரை வைத்திருக்கலாம், நீட்டிக்க முடியாது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் புதிதாகச் சேர முடியாது. அது ஓய்வு பெற்றவர்களுக்கு நல்ல வட்டி தருகிற திட்டம் என்பதால் இந்த இழப்பைக் கணக்கில் எடுங்கள்.

வீட்டை வாடகைக்கு விட்டால், வெளிநாட்டில் வசிப்பவருக்கு வாடகை தருகிறவர் 30 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் பிடித்துக் கட்ட வேண்டும். நம் வாடகைக்காரர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

இங்குள்ள வீட்டை விற்றுவிட்டுப் போகலாமா?

வேண்டாம். குறைந்தது மூன்று வருடத்துக்கு வேண்டாம். ஓய்வுக்கால விசா என்பது குடியுரிமை இல்லை. அந்த அரசு நினைத்தால் நிபந்தனையை மாற்றும். திரும்பி வர ஒரு பூட்டுச்சாவி இருந்தால்தான் அங்கே நிம்மதியாகத் தூக்கம் வரும். அங்கே முதலில் வாடகை வீடு பார்த்துக்கொள்ளுங்கள். சட்டப்படியே வாங்கித்தான் ஆக வேண்டும் என்கிற நாடாக இருந்தால், அந்த ஒரு காரணத்துக்காகவே அதைப் பட்டியலில் பின்னே தள்ளுவேன்.

ஒருவர் இறந்தால் மற்றவரின் விசாவும் பணமும் என்ன ஆகும்?

அநேகமாக யாரும் கேட்காத கேள்வி. கேட்டவர்கள் இரண்டே பேர், அதனால் நானே சேர்த்துக்கொண்டேன்.

பல நாடுகளில் ஒருவர் முதன்மை விண்ணப்பதாரர், மற்றவர் அவரைச் சார்ந்தவர். தாய்லாந்தில் முதன்மையானவர் போய்விட்டால் சார்ந்தவரின் அனுமதிக்கு அடிப்படையே இல்லாமல் போகும். அவர் தன் பெயரில், தன் கணக்கில் 8 லட்சம் பாட் காட்டி மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். இறந்தவரின் கணக்கோ நீதிமன்றம் நிர்வாகியை நியமிக்கும்வரை முடங்கிக் கிடக்கும். முடிந்தால் இருவருமே தனித்தனியாக விசா எடுங்கள்.

மாமா வைப்புத்தொகையைத் தன் பெயரில் மட்டும் போட்டிருந்தார். உயில் எழுதவில்லை. அக்கா தாசில்தார் தந்த வாரிசுச் சான்றிதழை பிளாஸ்டிக் கவரில் வைத்து அங்குள்ள வங்கிக் கவுண்டரில் நீட்டினாள். அந்தப் பெண் அதை மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். இது நீதிமன்ற உத்தரவு இல்லை. வழக்கறிஞர், மொழிபெயர்ப்பு, முத்திரை என்று பதினான்கு மாதம் ஆனது. அந்தப் பதினான்கு மாதமும் அக்காவின் வாடகையை இங்கிருந்து நான் அனுப்பினேன். மாமா எல்லாவற்றிலும் கணக்காக இருப்பவர். இதை மட்டும் எப்படி விட்டார் என்று இன்றும் தெரியவில்லை.

அங்குள்ள சொத்துக்கு அங்கேயே ஒரு உயில், இங்குள்ளதற்கு இங்கே ஒரு உயில். ஒன்று மற்றொன்றை ரத்து செய்யாதபடி வழக்கறிஞர் பார்த்து எழுதட்டும். பவர் கொடுத்திருக்கிறேன், போதும் என்று நினைக்காதீர்கள். கொடுத்தவர் இறந்த நொடியில் பவர் பத்திரம் செல்லாது.

இறுதிக் காரியம்?

உடலைக் கொண்டுவர அந்நாட்டு இறப்புச் சான்று, பதப்படுத்திய சான்று, இந்தியத் தூதரகத்தின் ஆட்சேபணையின்மைச் சான்று, ரத்து செய்யப்பட்ட பாஸ்போர்ட் எல்லாம் வேண்டும். பலர் அங்கேயே தகனம் செய்துவிட்டு அஸ்தியைக் கொண்டுவருகிறார்கள். மாமாவையும் பினாங்கிலேயே தகனம் செய்தோம். அஸ்திக் கலசத்தை நான் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இறப்புச் சான்றும் தகனச் சான்றும் கையில் இருந்ததால் யாரும் தடுக்கவில்லை. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் கரைத்தோம். உங்கள் விருப்பம் எது என்பதை இருவரும் இப்போதே பேசி, எழுதி வைத்துவிடுங்கள்.

சரி, ஒரு நாட்டை எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

சுற்றுலா விசாவில் ஒரு மாதம், அந்த ஊரின் மோசமான பருவத்தில் போங்கள். ஹோட்டலில் தங்காமல் சமையலறை உள்ள வீடு எடுங்கள். வெளியே சாப்பிடுவதைக் குறைத்து, மார்க்கெட் போய் வாங்கிச் சமையுங்கள். ஒரு பல் வைத்தியரையாவது பாருங்கள். ஒரு வாரம் கணவர் மட்டும், ஒரு வாரம் மனைவி மட்டும் எல்லா வெளிவேலையையும் செய்யுங்கள். இது நாடகம் மாதிரி தோன்றும், ஆனாலும் செய்யுங்கள். என் வற்புறுத்தலில் இதைச் செய்த ஒரு தம்பதி, மனைவி தனியாக வெளியே போன மூன்றாம் நாளே முடிவை மாற்றிக்கொண்டார்கள். இப்போது கோவையில் இருக்கிறார்கள்.

உங்கள் அக்கா இப்போது எங்கே?

2021இல் ஊருக்கு வந்துவிட்டாள். என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு 30 நாள் விசா இல்லாமல் மலேசியா போக அனுமதி இருப்பதால் தைப்பூசத்துக்குப் போய்வருகிறாள். எதிர்வீட்டுப் பாட்டிக்கு இங்கிருந்து அரை கிலோ முறுக்கு எடுத்துக்கொண்டு போவாள். திரும்பும்போது பெட்டியில் அந்தப் பாட்டி கொடுத்த ஜாதிக்காய் ஊறுகாய் இருக்கும்.